குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு விட்டமின் சொட்டு மட்டும் போதுமா?

– எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஓர் ஆசிரியை –

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை உயிர் பிழைப்பது இன்று நமக்கு அதிசயமான செய்தி அல்ல. நமது உம்மும்மாமார் காலத்தில் அது அதிசயம். இப்போது இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. அல்ஹம்துலில்லாஹ், பெரிய நிஃமத். அப்படிக் காப்பாற்றப்பட்ட ஒரு சின்னஞ்சிறு பிள்ளை வீட்டுக்கு வரும்போது, உம்மாவின் கையில் இரண்டு பொருட்கள் இருக்கும். ஒன்று விட்டமின் சொட்டுப் போத்தல். மற்றது கண் கிளினிக் திகதி எழுதிய துண்டு.

போத்தலை எல்லோரும் கண்ணும் கருத்துமாகப் பாவிக்கிறார்கள். துண்டுதான் சில வீடுகளில் அலுமாரிக்குள் போய்விடுகிறது. கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "விட்டமின் குடுக்கிறோம்தானே, கண்ணும் நல்லாத்தான் இருக்கு, நாற்பது முடியட்டும், பிறகு காட்டுவம்." நான் ஒரு வைத்தியர் அல்ல, பாடசாலை ஆசிரியை. ஆனால் இந்த ஒரு வசனத்துக்குள் மூன்று பிழைகள் இருக்கின்றன என்பதையும், அவை சேர்ந்தால் ஒரு பிள்ளையின் பார்வை போய்விடலாம் என்பதையும் சொல்ல வைத்தியராக இருக்கத் தேவையில்லை. இது பற்றி நம்பகமான மருத்துவ எழுத்துக்களில் படித்ததை நம்மவர்களுக்குப் புரியும் மொழியில் இங்கே தருகிறேன்.

முதலில் அந்தக் கண்ணுக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம்.

நமது கண்ணின் பின்சுவரில் படம் விழும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் ஒரே நாளில் உருவாவதில்லை. கர்ப்பத்தின் ஏறத்தாழ 16ஆவது வாரத்தில், கண் நரம்பு உள்ளே நுழையும் நடுப்பகுதியிலிருந்து அவை முளைக்கத் தொடங்குகின்றன. மரத்தின் கிளைகள்போல மெல்ல மெல்லப் பரவி, மூக்குப் பக்க ஓரத்தைச் சுமார் 36 வாரத்திலும், காதுப் பக்க ஓரத்தை 40 வாரத்தை அண்மித்தும் சென்றடைகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இந்த வேலை கருப்பையின் உள்ளேயே முடிந்துவிடும். 28 அல்லது 30 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கோ பாதி வேலை வெளியேதான் நடக்க வேண்டும்.

கருப்பைக்குள் ஒட்சிசன் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவுதான் இரத்தக் குழாய்களை "இன்னும் வளர்" என்று தூண்டுகிறது. வெளியே வந்ததும் குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் கூடுகிறது. நுரையீரல் பக்குவப்படாததால் மேலதிக ஒட்சிசனும் கொடுக்க வேண்டி வருகிறது. தூண்டுதல் நின்று, குழாய்களின் வளர்ச்சி பாதி வழியில் நின்றுவிடுகிறது. இது முதற்கட்டம். சில வாரங்கள் கழித்து, இரத்தம் கிடைக்காத விழித்திரையின் ஓரப்பகுதி பசியெடுத்து, குழாய்களை வளரச் சொல்லும் இரசாயனத்தை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. அப்போது குழாய்கள் ஒழுங்கில்லாமல், பலவீனமாக, தாறுமாறாக முளைக்கின்றன. அவை கசியும், தழும்பாகும், தழும்பு சுருங்கும்போது விழித்திரையைச் சுவரிலிருந்து இழுத்துக் கழற்றிவிடும். இதைத்தான் வைத்தியர்கள் ஆர்.ஓ.பி. என்கிறார்கள். தமிழில் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் எனலாம்.

எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் இது முற்றிப் போவதில்லை. பெரும்பாலானோருக்கு ஆரம்ப நிலையிலேயே தானாக அடங்கிவிடும். யாருக்கு அடங்கும், யாருக்கு முற்றும் என்பதை உள்ளே பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. உம்மாவாலும் முடியாது, அனுபவமுள்ள தாதியாலும் முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று அழகாகவே இருக்கும். கண்மணியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று வீட்டார் கவனிக்கும் நாளில், அநேகமாக விழித்திரை கழன்றுவிட்டிருக்கும். ஆகவே "கண் நல்லாத்தான் இருக்கு" என்பதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி விட்டமின் விடயத்துக்கு வருவோம். நமது குழப்பத்துக்கு ஆசிரியர்களாகிய எங்களுக்கும் கொஞ்சம் பங்கிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆரம்ப வகுப்பிலிருந்தே "விட்டமின் ஏ கண்ணுக்கு நல்லது, கரட்டும் பப்பாசியும் கீரையும் சாப்பிடுங்கள்" என்று சொல்லிக்கொடுக்கிறோம். அது உண்மைதான். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தை உணரும் கலங்களிலுள்ள நிறப்பொருள் விட்டமின் ஏயிலிருந்தே உண்டாகிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும், கண் உலரும், வெள்ளை விழியில் நுரைபோன்ற புள்ளிகள் தோன்றும், முற்றினால் கருவிழி உருகிக் குருடாகும். இந்த நோய்க்கு விட்டமின் ஏ மருந்தேதான். ஆனால் அது உணவுக் குறைபாட்டால் கண்ணின் முன்பக்கத்தில் பெரும்பாலும் வரும் நோய். குறைமாதக் குழந்தைக்கு வருவது இரத்தக் குழாய் வளர்ச்சி குழம்பியதால் கண்ணின் பின்பக்கத்தில் வரும் வேறொரு நோய். "கண்" என்ற சொல் பொதுவாக இருப்பதால் ஒன்றின் மருந்து மற்றதற்கும் போதும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் சொட்டு எதற்கு? குழந்தை தனது விட்டமின், இரும்புச் சேமிப்பின் பெரும்பகுதியைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் உம்மாவிடமிருந்து பெறுகிறது. முன்கூட்டியே பிறந்தால் அந்தக் கையிருப்பு இல்லாமலே வருகிறது. ஈரலில் விட்டமின் ஏ குறைவு, எலும்புக்கு விட்டமின் டி குறைவு, இரத்தத்துக்கு இரும்பு குறைவு. அதை ஈடுசெய்யவே சொட்டு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் குறைமாத, நிறை குறைந்த குழந்தைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டலில், தாய்ப்பால் குடிக்கும் இக்குழந்தைகளுக்கு வேறு வழியில் இரும்பு கிடைக்காவிட்டால் அதைக் கொடுக்கும்படி பரிந்துரைக்கிறது. விட்டமின் டி கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு விட்டமின் ஏயையும் பரிசீலிக்கலாம் என்கிறது. எனவே வைத்தியர் எழுதிய சொட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அது எலும்புக்கும் இரத்தத்துக்கும் வளர்ச்சிக்கும் தேவை. கண் பரிசோதனைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே விடயம்.

இந்த இடத்தில் ஒரு பழைய வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விட்டமினைக் கொண்டு இந்த நோயைத் தடுத்துவிடலாம் என்று உலகம் பலமுறை நம்பிப் பார்த்திருக்கிறது.

1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டெரி என்ற கண் வைத்தியர் இந்த நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார். அடுத்த பத்து வருடங்களில் பணக்கார நாடுகளின் மிகச் சிறந்த வைத்தியசாலைகளிலேயே குழந்தைகள் கூட்டங் கூட்டமாகப் பார்வை இழந்தார்கள். 1950களின் தொடக்கத்துக்குள் உலகெங்கும் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் என்பது மதிப்பீடு. பிரபல பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். 1950இல் ஆறு வாரம் முன்கூட்டியே பிறந்தவர். காரணம் யாருக்கும் தெரியவில்லை. பலதையும் சந்தேகித்தார்கள். அவற்றில் ஒன்று விட்டமின் ஈ குறைபாடு. 1949இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஓவன்ஸ் தம்பதியினர், சில குழந்தைகளுக்கு விட்டமின் ஈ கொடுத்துப் பார்த்து, அது நோயைத் தடுப்பதுபோல் தெரிகிறது என்று எழுதினார்கள். எண்ணிக்கை மிகச் சிறியது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை.

உண்மையான குற்றவாளி மூக்கின் கீழேயே இருந்தது. 1951இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் கேட் கெம்பல் என்ற பெண் வைத்தியர், ஒட்சிசனைத் தாராளமாகக் கொடுத்த இடங்களில் நோய் அதிகமாகவும், குறைவாகக் கொடுத்த இடங்களில் குறைவாகவும் இருப்பதைக் கவனித்தார். 1953, 1954இல் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு அதை உறுதிசெய்தது. குழந்தைக்கு நல்லது என்று எண்ணித் தாராளமாகத் திறந்துவிட்ட ஒட்சிசன்தான் கண்ணைப் பறித்திருக்கிறது.

உடனே எல்லோரும் ஒட்சிசனை இறுக்கிப் பிடித்தார்கள். குருடு குறைந்தது. ஆனால் ஒட்சிசன் போதாமல் குழந்தைகள் இறந்தார்கள். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 உயிர்கள் போயிருக்கலாம் என்று 1973இல் குரொஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் மதிப்பிட்டார். 2010இல் வெளியான இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. இரத்தத்தின் ஒட்சிசன் அளவை 85 முதல் 89 வீதத்தில் வைத்த குழந்தைகளுக்குக் கண் நோய் குறைந்தது, ஆனால் 91 முதல் 95 வீதத்தில் வைத்தவர்களைவிட மரணம் கூடியது. ஆகவே இன்றும் நமது வைத்தியசாலைகளின் விசேட குழந்தைப் பராமரிப்புப் பிரிவில் தாதிமார் அந்தச் சிறிய கருவியின் இலக்கத்தை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது இந்த இரு ஆபத்துக்களுக்கும் நடுவில் நடப்பதற்காகத்தான். சில பெற்றோர் "ஒட்சிசன் கொடுத்துக் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள்" என்று வைத்தியசாலையைத் திட்டுவதுண்டு. ஒட்சிசன் இல்லாவிட்டால் திட்டுவதற்குப் பிள்ளையே இருந்திருக்காது.

விட்டமின் ஈயின் கதை 1949உடன் முடியவில்லை. 1981இல் அதிக அளவில் வாய்வழியாகக் கொடுத்தால் நோயின் கடுமை குறைகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நம்பிக்கை மறுபடி பிறந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில், இரத்தத்தில் விட்டமின் ஈ மிகவும் கூடிய குழந்தைகளுக்குக் கிருமித் தொற்றும் குடல் அழுகும் நோயும் அதிகமாவது தெரிந்தது. இதற்கிடையில், 1983இன் இறுதியில் ஈ-ஃபெரோல் என்ற பெயரில் நரம்பினூடாக ஏற்றும் விட்டமின் ஈ மருந்தொன்று அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. "விட்டமின்தானே" என்ற எண்ணத்தில், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதியும் இல்லாமல், முறையான பரிசோதனையும் இல்லாமல் விற்கப்பட்டது. ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்து குறைமாதக் குழந்தைகள் இறக்கத் தொடங்கினார்கள். 1984 ஏப்ரலில் அது மீளப் பெறப்படுவதற்குள் 38 குழந்தைகளின் மரணம் அதனுடன் தொடர்புபடுத்தப்பட்டது. சம்பந்தப்பட்ட நிறுவனத்தார் பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள்.

விட்டமின் என்றால் கெடுதல் செய்யாது, கூடினாலும் பரவாயில்லை என்பது நம்மிடையேயும் ஆழமாக ஊறிய நம்பிக்கை. சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் பெட்டிகளில் பேரீச்சம்பழத்துடன் மீனெண்ணெய் மாத்திரையும் பிள்ளைகளுக்கான விட்டமின் சிரப்பும் வருகின்றன. அன்போடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் விட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. தண்ணீரில் கரையும் விட்டமின்கள்போல் மிஞ்சியது இலகுவில் சிறுநீருடன் வெளியேறாது, உடலில் சேர்ந்துகொண்டே போகும். விட்டமின் ஏ மிஞ்சினால் மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடி, குழந்தையின் உச்சிக்குழி புடைக்கும், வாந்தி வரும்.

ஒரு சிறு கணக்கு. பெரிய பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் விட்டமின் ஏ மெகா டோஸ் ஒன்று 100,000 அலகு. ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதைக் கொடுப்பது, எடையின்படி பார்த்தால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மெகா டோஸ்களை ஒரே தடவையில் விழுங்குவதற்குச் சமம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நன்மையான மருந்து, மூன்று வாரப் பிள்ளைக்கு நஞ்சாகலாம். இன்னொரு விடயம், பாமஸியில் ஒரே பெயரில் சொட்டும் இருக்கும், சிரப்பும் இருக்கும். இரண்டின் செறிவும் ஒன்றல்ல. சொட்டுக்குச் சொன்ன அளவைச் சிரப்பிலும், சிரப்புக்குச் சொன்ன தேக்கரண்டியைச் சொட்டிலும் ஊற்றினால் பல மடங்கு வித்தியாசம் வந்துவிடும். முதல் போத்தல் முடிந்து இரண்டாவது வாங்கும்போது பழைய போத்தலையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

சரி, பிறந்தவுடன் விட்டமின் ஏ கொடுப்பதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அதுவும் நமக்கு அடுத்த வீடான தமிழ்நாட்டில். மதுரையைச் சேர்ந்த டொக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லாஹ்வின் தலைமையில் 1990இல் வெளியான ஆய்வில், 15,000க்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கு வாராவாரம் சிறிய அளவில் விட்டமின் ஏ கொடுத்தபோது, கொடுக்கப்பட்டவர்களிடையே மரணம் பாதிக்கும் மேல் குறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வு அது. அதே அணி 2003இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், தமிழ்நாட்டின் கிராமங்களில் பிறந்த 11,619 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முதல் இரண்டு நாட்களில் தலா 24,000 அலகு வாய்வழியாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் ஏற்படும் மரணம் 22 வீதத்தால் குறைந்தது.

இதை வாசிப்பவர் "அப்படியென்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாமே" என்று நினைப்பார். ஆனால் வேறு நாடுகளில் வந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. 2011இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்த குழந்தைகளுக்குப் பொதுத் திட்டமாக விட்டமின் ஏ கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. 2015இல் கானா, தன்சானியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த மாபெரும் ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. இரண்டு ஆபிரிக்க நாடுகளிலும் பயன் தெரியவில்லை. இந்தியாவின் ஹரியானாவில் காணப்பட்ட சிறு பயனும் உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்கு இல்லை. தாய்மாருக்கு ஏற்கனவே விட்டமின் ஏ குறைவாக உள்ள இடத்தில் பயன் தெரியலாம், போதியளவு உள்ள இடத்தில் தெரியாது என்பதே பலரும் தரும் விளக்கம்.

மிகச் சிறிய குழந்தைகளுக்கு விட்டமின் ஏயை ஊசியாகக் கொடுத்துப் பார்த்த 1999ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வும் உண்டு. நுரையீரலின் நாட்பட்ட நோய் சற்றே குறைந்தது. கண் விடயத்தில் அதை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடலாம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் வரவில்லை. விட்டமின் அல்லாத ஒன்றில்தான் அண்மையில் ஓர் ஒளி தெரிந்திருக்கிறது. 2021இல் சுவீடனில், 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான இரண்டு கொழுப்பமிலங்களைச் சேர்த்துக் கொடுத்தபோது, கடுமையான கண் நோய் 33 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் கவனியுங்கள், பாதியாகக் குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. அந்தக் குழந்தைகளையும் கண் வைத்தியர் ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் இந்தக் கணக்கே கிடைத்தது. (இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள மீனெண்ணெய் மாத்திரையை உடைத்து ஊற்றிவிட வேண்டாம். அங்கு கொடுத்தது குழந்தையின் எடைக்கு அளந்து தயாரித்த வேறு மருந்து.)

வீட்டாரின் கையிலுள்ள நல்ல மருந்து தாய்ப்பால். குடல் நோயையும் தொற்றையும் குறைக்கிறது, தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளிடம் கண் நோய் முற்றுவதும் குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. குழந்தையை நெஞ்சோடு தோல் படச் சாய்த்து வைத்திருக்கும் கங்காரு முறையும் அப்படியே. அதை வாப்பாவும் செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேன் மட்டும் ஒரு வயது வரை ஒரு துளியும் வேண்டாம், அதிலிருக்கக்கூடிய கிருமி சிறு குழந்தையின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும்.

இப்போது அந்தத் துண்டைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட ஒரு சம்பவம். 1996 ஆகஸ்ட் 30ஆம் திகதி சென்னை எழும்பூர் அரசினர் தாய் சேய் வைத்தியசாலையில் ஒரு பெண் குழந்தை 29ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் பிறந்தது. இன்கியுபேட்டரில் வைத்து ஒட்சிசன் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். மூன்றரை வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை. சில மாதங்களின் பின் நோய் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் தேசிய நுகர்வோர் ஆணைக்குழு ஐந்து இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுத்தது. 2015 ஜூலை 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் ஒரு கோடி 80 இலட்சம் இந்திய ரூபாயாக உயர்த்தியது. அப்போது அந்தப் பிள்ளைக்கு 18 வயது. பணம் கிடைத்தது, பார்வை கிடைக்கவில்லை.

அந்தப் பெற்றோருக்கு யாரும் துண்டு கொடுக்கவில்லை. நமக்குக் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் எப்போது காட்ட வேண்டும்? நாட்டுக்கு நாடு அளவுகோல் சற்று வேறுபடும். பிரித்தானியாவில் 31 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1,501 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளைப் பார்க்கிறார்கள். இந்தியாவில் வலையை அகல விரித்து 34 வாரத்துக்கு முன், அல்லது 2,000 கிராமுக்குக் குறைவு என்கிறார்கள், ஏனென்றால் அங்கு சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் நோய் முற்றியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்குத் தேவையா என்பதைப் பிரிவின் குழந்தை வைத்திய நிபுணர் சொல்வார், சொல்லாவிட்டால் வீடு திரும்பும் முன் நீங்கள் கேளுங்கள். தோட்டப்புறத்தில் எடை குறைந்த குழந்தைகள் நாட்டின் சராசரியைவிட அதிகம். ஆனால் எடை குறைந்த எல்லாப் பிள்ளையும் குறைமாதப் பிள்ளை அல்ல. நிறைமாதத்தில் மெலிந்து பிறந்த பிள்ளையின் விழித்திரைக் குழாய்கள் அநேகமாக வளர்ந்து முடிந்திருக்கும். அதனால் கிலோவை மட்டும் நினைவில் வைக்காமல், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதற் பரிசோதனையின் காலம் பொதுவாகப் பிறந்து நான்கு வாரம். இந்தியாவில் "30 நாளுக்குள்" என்பதை ஒரு சுலோகமாகவே சொல்கிறார்கள். மிகவும் முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு அங்கு அதற்கும் முன்னர், இரண்டு மூன்று வாரத்தில். இங்கேதான் நமது நாற்பது குறுக்கே வருகிறது.

நாற்பது நாள் உம்மாவும் பிள்ளையும் வீட்டை விட்டு இறங்கக் கூடாது என்பது நம்மிடையே பரவலாக உள்ள வழக்கம். களைத்த உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது, பிள்ளை தொற்றிலிருந்து காப்பாற்றப்படுகிறது, நல்ல விடயம்தான். ஆனால் நிபாஸுடைய சட்டம் தொழுகை, நோன்பு, தாம்பத்தியம் போன்றவற்றைப் பற்றியது. வைத்தியரிடம் போவதை அது தடுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முப்பதாவது வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு 28ஆம் நாள் 34 வாரம் ஆகிறது. கெட்ட குழாய்கள் முளைக்கத் தொடங்கும் காலம் அதுதான். நாற்பது முடிந்து, வெள்ளிக்கிழமை தாண்டி, வாகனம் பார்த்து, அடுத்த கிளினிக் நாளுக்குப் போகும்போது 50ஆம் நாளாகிவிடும். அந்த மூன்று வாரத்தில் சில பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. சில பிள்ளைகளுக்கு எல்லாம் முடிந்துவிடும். முற்றிய நோயைக் கண்டால் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் சிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர்கள் அவசரப்படுவது இதனால்தான்.

உம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் பாலைக் கறந்து எடுத்துக்கொண்டு வாப்பாவும் உம்மும்மாவும் பிள்ளையைக் கொண்டுபோகலாம். பரிசோதனை சில நிமிடங்கள்தான். கண்மணியை விரிக்கும் சொட்டை விட்டுக் காத்திருப்பார்கள். பிறகு இமையைத் திறந்து பிடித்து, வெளிச்சத்தால் உள்ளே பார்ப்பார்கள். பிள்ளை வீரிட்டு அழும், பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கண்ணுக்குச் சேதமில்லை. "ஒன்றுமில்லை" என்று முதல் தடவை சொன்னாலும் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ மறுபடி வரச் சொல்வார்கள். குழாய்கள் ஓரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டன என்று அவர்களே முடித்துவைக்கும் வரை போக வேண்டும். இரண்டாவது, மூன்றாவது தடவைகளைக் கைவிடுவது முதல் தடவை போகாததற்குச் சமம். சிகிச்சை தேவைப்பட்டால் லேசர், அல்லது கண்ணுக்குள் ஓர் ஊசி. உரிய வேளையில் செய்தால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வை காப்பாற்றப்படுகிறது. ஊசி போட்ட பிள்ளையை இன்னும் நீண்ட காலம் பார்க்க வேண்டும், நோய் திரும்பி வரலாம்.

எம்பிலிப்பிட்டியவிலிருந்தோ கொடகவெல, இறக்குவானைத் தோட்டங்களிலிருந்தோ இதற்காகப் பெரிய வைத்தியசாலைக்குப் போய்வருவது இலேசான காரியமல்ல. விடியற்காலையில் பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், ஒன்றரைக் கிலோப் பிள்ளையை நெரிசலில் கொண்டுபோகப் பயம். வசதியுள்ளவர் வேன் பிடிப்பார். வசதியில்லாதவர்தான் "பிறகு பார்ப்போம்" என்பார். அவரைக் குறை சொல்வதைவிட, பள்ளிவாசல் நிருவாகமோ ஸகாத் நிதியோ ஒரு வேன் கூலியைக் கொடுக்கலாம். வருடத்துக்கு ஒரு ஊரில் இப்படி எத்தனை பிள்ளைகள் பிறக்கப் போகிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லா மதத்தவரின் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். குடும்பநல உத்தியோகத்தருக்கு எந்த வீட்டில் குறைமாதப் பிள்ளை இருக்கிறது என்பது தெரியும், போக்குவரத்துக்கு உதவி கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லி வைத்தால் போதும்.

கடைசியாக, எனது தொழில் சார்ந்த ஒரு விடயம். கண் கிளினிக்கில் "முடிந்தது" என்று சொன்ன பிறகும், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை, மாறுகண், ஒரு கண் சோம்பிப்போதல் ஆகியவை மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வருகின்றன. லேசர் செய்தவர்களுக்கு இன்னும் அதிகம். வகுப்பில் இவர்களை நாங்கள் மந்தமான பிள்ளைகள் என்று நினைத்துவிடுவதுண்டு. கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள், தலையைச் சரித்து வாசிப்பார்கள், மைதானத்தில் பந்தைத் தவறவிடுவார்கள். தரம் ஒன்றில் சேர்க்கும்போது பெற்றோர் எங்களிடம் ஒவ்வாமையைச் சொல்கிறார்கள், இழுப்பைச் சொல்கிறார்கள், பிள்ளை எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. குழந்தைச் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். முன்வரிசையில் ஓர் இடம் ஒதுக்குவது எங்களுக்குப் பெரிய வேலையில்லை, பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் அந்தப் பெயரை முதலில் கூப்பிடுவதும் பெரிய வேலையில்லை.